மதில் காக்கும் படையும் மதிலேறும் அரக்கரும்: ஒரு முற்றுகைப் படத்திற்குத் திரைக்கதை எழுதும் முறை

மிகுபுனைவுப் (ஃபேன்டஸி) போர்ப்படத்திற்குத் திரைக்கதை எழுத உட்காருபவர் பெரும்பாலும் முதலில் எழுதுவது தாக்குதல் காட்சியைத்தான். ஆயிரக்கணக்கான அரக்கர்கள் அலையலையாக வருகிறார்கள், மதில்மேல் நிற்கும் வீரர்கள் அம்புமாரி பொழிகிறார்கள், வாயிற்கதவு அதிர்கிறது என்று பத்துப் பக்கங்கள் எளிதில் நிரம்பிவிடும். ஆனால் எழுதியதைப் படித்துப் பார்த்தால், எவர் எங்கே நிற்கிறார், எந்த இடம் விழுந்தால் கோட்டையே விழும், இந்த நிமிடத்தில் எவர் கை ஓங்கியிருக்கிறது என்பவற்றுள் ஒன்றும் விளங்காது. இத்தகைய கதையின் விறுவிறுப்பு அரக்கர்களுக்கும் காவலர்களுக்கும் எழுத்தாளர் வகுக்கும் வரம்புகளிலிருந்தே பிறக்கிறது. ஆகவே போரை எழுதுவதற்கு முன் அவ்வரம்புகளை எழுதி முடிக்க வேண்டும். அதற்கான வரிசையை இங்கே ஒரு படத்தை முன்வைத்து விளக்குகிறேன்.

சாங் யீமோ இயக்கிய ‘தி கிரேட் வால்’ 2016 டிசம்பரில் சீனாவிலும் 2017 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. ஏறத்தாழ 15 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட இப்படத்தில் மேட் டாமன், ஜிங் டியன், பெட்ரோ பாஸ்கல், ஆண்டி லாவ், வில்லெம் டாஃபோ ஆகியோர் நடித்தார்கள். சோங் அரசமரபுக் காலத்தில் வெடிமருந்தைத் தேடி வரும் இரண்டு ஐரோப்பியக் கூலிப்படை வீரர்கள் சீனப் பெருஞ்சுவரில் பிடிபடுகிறார்கள். 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரண்டு வரும் ‘தாவ்தியே’ என்னும் அரக்க விலங்குகளைத் தடுக்கவே அங்கே ஒரு படை காத்திருக்கிறது என்று அறிகிறார்கள். இதைக் குறையற்ற படம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் மதில்மேல் நிகழும் அதன் முற்பகுதி ஒரு முற்றுகையைப் பார்வையாளருக்குக் கற்றுக்கொடுக்கும் விதத்தில் மிகத் தேர்ந்தது. மதிலை விட்டு வெளியேறும் பிற்பகுதியோ எது இழக்கப்படக் கூடாது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு இரண்டு பகுதிகளுமே பயன்படும்.

முதலில் அரக்கனின் விதிகள்

திரைக்கதையின் முதல் பக்கத்தைத் தொடுவதற்கு முன் அரக்கனைப் பற்றி ஒரு தனித்தாள் எழுதுங்கள். அதற்கு என்ன வேண்டும், எதிரியை அது எப்படி அறிகிறது, ஒன்றோடொன்று எப்படிச் செய்தி சொல்லிக்கொள்கிறது, எதை அதனால் செய்ய இயலாது, எங்கே அடித்தால் சாகும் என்னும் கேள்விகளுக்கு அத்தாளில் விடை இருக்க வேண்டும். தோற்றத்தைப் பற்றிய வருணனையைக் கடைசியில் எழுதினால் போதும், ஏனெனில் கொம்பும் பல்லும் வடிவமைப்பாளரின் கையில் பலமுறை மாறும். விதி மாறினால் கதையே மாறிவிடும்.

தாவ்தியே சீனத் தொன்மத்திலிருந்து வந்தது. ஷாங், சோவு அரசமரபுகளின் வெண்கலச் சடங்குக் கலங்களில் பெரிய இரு கண்களோடு நேருக்கு நேராக நம்மைப் பார்க்கும் விலங்குமுகத்தை அப்பெயரால் குறிப்பிடுகிறார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘லூஷி சுன்சியு’ என்னும் நூல், சோவு காலக் கலத்திலுள்ள தாவ்தியேவுக்குத் தலை உண்டு, உடல் இல்லை என்றும், அது மனிதரைத் தின்னத் தொடங்கி விழுங்குமுன்னே தன் உடலுக்கே கேட்டைத் தேடிக்கொண்டது என்றும் கூறுகிறது. பேராசையின் உருவமாக நின்ற அத்தொன்மத்திலிருந்து திரைக்கதை எடுத்துக்கொண்டது தீராப் பசி ஒன்றை மட்டுமே. பிறகு அப்பசியின்மேல் விதிகளை ஒவ்வொன்றாக அடுக்கியது: விலங்குகள் இரை தேடுவது தம் அரசிக்காக, அரசி தன் தலைமடல்களை அதிரச்செய்து கூட்டம் முழுவதற்கும் கட்டளையிடுகிறாள், காந்தக்கல் அருகில் இருந்தால் அக்கட்டளை தடைப்பட்டு விலங்கு அசைவற்று நிற்கிறது, கண்கள் முகத்தில் அல்லாமல் தோளில் இருப்பதால் வில்லாளி குறிவைக்க வேண்டிய இடமும் அதுவே.

இவ்விதிகள் ஒவ்வொன்றும் ஒரு காட்சியைத் தருகிறது என்பதைக் கவனியுங்கள். கட்டளையிடும் அரசி இருப்பதால், முதல் தாக்குதலின் முடிவில் விலங்குகள் தோற்று ஓடுவதில்லை, அழைக்கப்பட்டுத் திரும்புகின்றன. வெறிகொண்டு பாயும் கூட்டத்தைக் காட்டிலும், ஒரே கணத்தில் ஒழுங்காகத் திரும்பிச் செல்லும் கூட்டம் மிகுந்த அச்சத்தைத் தருகிறது, ஏனெனில் எதிரிக்கு அறிவு இருக்கிறது என்று மதில்மேல் நிற்பவருக்கும் திரையரங்கில் இருப்பவருக்கும் அப்போதுதான் உறைக்கிறது. பின்னர், முற்றுகையின் மறைவில் அவை மதிலையே துளைத்துவிட்டன என்னும் திருப்பம் வரும்போது நாம் அதை நம்புவதற்கும் அந்த முதல் பின்வாங்கலே காரணம்.

விதியைப் பார்வையாளருக்கு எப்போது சொல்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அறிஞர் ஒருவர் ஓவியச்சுருளை விரித்து அனைத்தையும் விளக்கும் காட்சி எழுதுவதற்கு எளிது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்ட விதியைவிடக் கண்ணால் கண்டு பின்னர் பொருள் புரிந்த விதியே மனத்தில் நிற்கும். இப்படத்தில் கூலிப்படை வீரன் மலையில் தனியாகச் சிக்கிய ஒரு விலங்கை வெட்டி வீழ்த்துகிறான். அவனிடம் ஒரு காந்தக்கல் இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பது அப்போது எவருக்கும் தெரியாது. ஆண்டி லாவ் நடித்த போர்த்திட்ட அறிஞர், ஒரு தனி மனிதனால் அவ்விலங்கை எப்படிக் கொல்ல முடிந்தது என்று ஐயுற்று ஆராயும்போதுதான் அம்முடிச்சு அவிழ்கிறது. நிகழ்ச்சி முன்னே, ஐயம் நடுவே, விளக்கம் கடைசியில் என்னும் இவ்வரிசையை உங்கள் கதையின் முக்கியமான விதிக்கு மட்டுமாவது பின்பற்றுங்கள்.

இடைவேளைக்குப் பிறகு அரக்கனுக்குப் புதிய ஆற்றல் எதையும் தராதீர்கள். பழைய விதி புதிய இடத்தில் செயல்படுவது திருப்பம். அதுவரை இல்லாத சிறகு க்ளைமாக்ஸில் முளைத்தால் அது எழுத்தாளரின் இயலாமையாகவே தெரியும்.

மதிலை வரையுங்கள்

அரக்கனின் தாள் முடிந்தபின் ஒரு வரைபடம் வரைய வேண்டும். அது அழகாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வெளிநிலம், மதிலடி, மதில்முகடு, உள்முற்றம், இறுதிப் புகலிடம் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வோர் எல்லையும் வீழும்போது காவலர் இழப்பது என்ன என்று அதனருகிலேயே எழுதுங்கள். வெளிநிலம் போனால் முன்னறிவிப்பு போகும். முகடு போனால் உயரம் தரும் வாய்ப்பு போகும். உள்முற்றம் போனால் காயம்பட்டவர்களும் உணவும் போகும். இழப்பு ஒவ்வொன்றும் வேறுவேறாக இருந்தால்தான் பின்வாங்குதல் ஒவ்வொன்றும் கதையில் ஒரு படியாக அமையும்.

கபடி ஆட்டத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்கூடச் சிறிது நேரத்தில் இருக்கை நுனிக்கு வந்துவிடுகிறார், ஏனெனில் கோடு எங்கே இருக்கிறது, எத்தனை பேர் மீதம் இருக்கிறார்கள் என்னும் இரண்டும் எந்நேரமும் கண்முன் இருக்கின்றன. முற்றுகைக் காட்சிக்கும் இவ்விரண்டும் போதும். அகிரா குரோசவா 1954இல் எடுத்த ‘செவன் சாமுராய்’ படத்தில் அரக்கர்கள் இல்லை, கொள்ளையர்கள்தாம் வருகிறார்கள். எனினும் ஒரு சிற்றூரைக் காக்கும் கதையை எழுதுபவர் அதைத் தவிர்க்க இயலாது. ஊரின் எல்லைகளைத் தலைவர் முதலில் நடந்து பார்க்கிறார், பார்வையாளரும் அவரோடு நடக்கிறார். போர் தொடங்கியபின் கொல்லப்பட்ட ஒவ்வொரு கொள்ளையனுக்கும் தாளில் வரைந்த ஒரு வட்டத்தின்மேல் கோடிட்டு அது அடிக்கப்படுகிறது. நாற்பது வட்டங்களில் எத்தனை மீதம் என்று நமக்குத் தெரிந்திருப்பதால், ஓர் அடித்தலே ஒரு நீண்ட சண்டைக்கு நிகரான நிறைவைத் தருகிறது. எண்ணவே முடியாத அரக்கக் கூட்டத்தை எழுதுபவர் எதிரியை எண்ண முடியாவிட்டாலும் காவலரின் அம்புகளையும் எண்ணெய்க் கொப்பரைகளையும் விடியலுக்குள்ள நாழிகைகளையும் எண்ணலாம்.

மதிலின் பொறிகள் அந்த அரக்கனுக்காகவே செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். ‘தி கிரேட் வால்’ மதிலின் உடலுக்குள்ளிருந்து பெரிய கத்திகள் வெளிப்பட்டு ஏறிவரும் விலங்குகளைத் துண்டிக்கின்றன. மனிதப் படை ஏணி வைத்து ஏறும் மதிலுக்கு அவை தேவையில்லை, நகத்தால் பற்றி ஏறும் கூட்டத்திற்குத்தான் தேவை. இன்று நிற்கும் பெருஞ்சுவரின் பெரும்பகுதி மிங் அரசமரபின் காலத்தில், அதாவது 1368க்கும் 1644க்கும் இடையில் கட்டப்பட்டது என்பதையும், சோங் ஆட்சிக்காலத்தில் வடக்கிலிருந்த பழைய சுவர்ப் பகுதிகள் பெரிதும் லியாவ் என்னும் அண்டை அரசின் கையில் இருந்தன என்பதையும் வரலாறு அறிந்தவர் சுட்டிக்காட்டுவார். அதே வேளையில், 1044இல் முடிக்கப்பட்ட சோங் காலப் போர்க்கலைத் தொகுப்பான ‘வூஜிங் சோங்யாவ்’ வெடிமருந்துக் கலவைகளை எழுதிவைத்திருப்பதால், கதையின் மையமான வெடிமருந்து அக்காலத்திற்கு முற்றிலும் பொருந்துகிறது. மிகுபுனைவு எழுதுபவர் வரலாற்றை மீறலாம். எதை மீறுகிறோம் என்று தெரிந்து மீற வேண்டும், மீறாத இடத்தில் விவரம் உறுதியாக இருக்க வேண்டும்.

தமிழில் இத்தகைய கதையை எழுதுபவர் பொறிகளுக்காக வெளியே அலைய வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரை மதிலில் இருந்த காவற்பொறிகளை வரிசையாகச் சொல்கிறது: தானே வளைந்து எய்யும் வில், கல் உமிழும் கவண், கொதிக்கும் எண்ணெய், கல் நிறைத்த கூடை, தூண்டில், ஐயவித் துலாம் என அப்பட்டியல் நீள்கிறது. அதில் ‘கைபெயர் ஊசி’ என்று ஒன்று வருகிறது. மதிலின் உச்சியைப் பற்றுபவரின் கையைக் குத்தும் ஊசிப்பொறி என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். அந்த ஒரு பொறியை வைத்து ஒரு காட்சியையே எழுதலாம். முகட்டின் விளிம்பில் ஒரு கை தோன்றுகிறது, ஊசி பாய்கிறது, கை மறைகிறது. இரண்டாம் முறையும் அவ்வாறே நிகழ்கிறது. மூன்றாம் முறை ஊசி பாய்ந்தபின்னும் கை விலகாமல் அப்படியே பற்றியிருக்கிறது. வந்திருப்பது மனிதப் படை அன்று என்பதைச் சொல்ல இதற்குமேல் ஒரு வசனமும் வேண்டாம்.

ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு வேலை

சாங் யீமோவின் படை ஐந்து பிரிவுகளாகப் பிரிந்து நிற்கிறது. கரடிப் பிரிவினர் கருப்புக் கவசத்தில் நெருங்கி நின்று போரிடுகிறார்கள், கழுகுப் பிரிவினர் சிவப்பில் வில்லேந்துகிறார்கள், புலிப் பிரிவினர் மஞ்சளில் பொறிகளை இயக்குகிறார்கள், மான் பிரிவினர் ஊதாவில் குதிரையேறுகிறார்கள், நாரைப் பிரிவின் பெண்கள் நீலத்தில் மதிலிலிருந்து பாய்கிறார்கள். எவ்வளவு நெரிசலான ஷாட்டிலும் நிறத்தைப் பார்த்தவுடன் வேலை தெரிந்துவிடுகிறது. ஆடை வடிவமைப்பு திரைக்கதையின் சுமையை எப்படிக் குறைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கதையில் ஐந்து நிறங்கள் வேண்டும் என்பதில்லை, ஆனால் தூரத்திலிருந்தே அடையாளம் காணத்தக்க ஒரு குறி ஒவ்வொரு பணிக்கும் இருக்க வேண்டும்.

நாரைப் பிரிவின் காட்சியைக் கூர்ந்து பார்ப்பது பயனுள்ளது. மதிலிலிருந்து வெற்றுவெளிக்கு நீண்டிருக்கும் மேடையின் நுனியில் ஒரு பெண் நிற்கிறாள். இடுப்பைச் சுற்றி வளையம், அதிலிருந்து கயிறு, கையில் ஈட்டி. அவள் தலைகீழாகப் பாய்ந்து, கீழே அலைமோதும் கூட்டத்தில் குத்திவிட்டு, கயிறு இழுக்க மேலே வருகிறாள். புதிய ஈட்டியோடு மறுபடியும் பாய்கிறாள். சிறிது நேரத்தில் சில வளையங்கள் ஆளின்றி, இரத்தத்தோடு மேலே வருகின்றன. விலங்கு கடிப்பதையும் கிழிப்பதையும் காட்டும் பல ஷாட்டுகள் செய்ய இயலாத வேலையை அந்த வெற்று வளையம் செய்துவிடுகிறது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முறை இதுதான்: வேலையை முதலில் வெற்றிகரமாக ஒருமுறை முழுமையாகக் காட்டுங்கள், அவ்வேலைக்குத் துணைநிற்கும் ஒருவரைக் காட்டுங்கள், பிறகு அதே வேலை தவறும்போது துணைநின்றவரின் முகத்தில் கேமராவை வையுங்கள். கயிற்றை இழுப்பவருக்கு ஒரு பெயரும் ஒரு பழக்கமும் கொடுத்துவிட்டால், இறப்பவரைப் பற்றிய முன்கதையைத் தனியே எழுத வேண்டியதில்லை.

பெயருள்ள பாத்திரங்கள் ஆறைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு பேரும் மதிலின் வெவ்வேறு இடங்களில் நின்றால், எவரைக் காட்டினாலும் இடமும் தெரியும்.

வெளியாள் ஒருவர் வந்து கேள்வி கேட்பது விதிகளை விளக்க வசதியான உத்தி. ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஆசியர்களைக் காப்பாற்ற வெள்ளையர் ஒருவர் வருகிறார் என்ற எதிர்ப்பு ‘தி கிரேட் வால்’ வெளிவருமுன்னரே வலுவாக எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற படையைவிட நேற்று வந்த வில்லாளி பல இடங்களில் திறமையானவனாகக் காட்டப்படுகிறான். எனினும் அரசியை வீழ்த்தும் இறுதி எறிதலைப் படைத்தலைவி லின் மேவின் கையில் கொடுத்தது சரியான முடிவு. வெளியாள் கற்றுக்கொள்ளலாம், உதவலாம், ஒரு புதிய கருவியைக் கொண்டுவரலாம். மதிலைக் காக்கும் வேலையை மட்டும் காவலரிடமிருந்து பறிக்கக் கூடாது.

தாக்குதல்களின் வரிசை, ஒலி, ஒளி

ஒரே தாக்குதலை மூன்று முறை எழுதுவது பெரும்பாலான வரைவுகளின் குறை. முதல் தாக்குதல் வந்திருப்பது என்ன என்ற கேள்விக்கும், இரண்டாவது இதைத் தாங்க முடியுமா என்ற கேள்விக்கும், மூன்றாவது எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்விக்கும் விடை தேட வேண்டும். முதலாவது பகலில், அகன்ற ஷாட்டுகளில், முழு வரைபடமும் தெரியுமாறு அமைவது நல்லது. பார்வை குறையும் பனியும் இருளும் இரண்டாவதற்கு உரியவை, ஏனெனில் இடத்தை அறிந்த பிறகுதான் பார்வையாளரால் இருளில் வழிதேட முடியும். இரண்டு தாக்குதல்களுக்கு நடுவே தலைமை மாறுவது கதைக்கு வலிமை தரும். ‘தி கிரேட் வால்’ படத்தில் தளபதி ஷாவ் வீழ்ந்து, பொறுப்பு லின் மேவிடம் வந்தபின், அதே முரசும் அதே கொடியும் வேறொருவரின் சுமையாகின்றன.

இருளை எழுதும்போது வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதையும் திரைக்கதையிலேயே எழுதிவிடுங்கள். 2019இல் ஒளிபரப்பான ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் ஓர் இரவுப் போரைக் காட்டும் ‘தி லாங் நைட்’ பகுதிக்குத் தொடர்ந்து 55 இரவுகள் படப்பிடிப்பு நடந்தது. அவ்வளவு உழைப்புக்குப் பின்னும் எதுவும் தெரியவில்லை என்று பார்வையாளர்கள் பலர் குறைபட்டார்கள். ஒளிப்பதிவாளரின் முடிவு அது என்று எழுத்தாளர் ஒதுங்கிவிட முடியாது. தீயம்பு, எரியும் வண்டி, மதிலோரத் தீவட்டி ஆகியவை கதைக்குள் இருந்தால் அவருக்கும் ஒளிக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்.

ஒலி செலவு குறைந்த ஆயுதம். 2002இல் வந்த ‘தி டூ டவர்ஸ்’ படத்தில் கோட்டையை முற்றுகையிடும் பத்தாயிரம் பேர் கொண்ட அரக்கப் படையின் முழக்கத்திற்காக, இயக்குநர் பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் இடையே மைதானத்தில் இறங்கி, ஏறத்தாழ 25,000 பார்வையாளர்களை முழங்கவும் கால்களால் தரையை அதிரவும் வைத்துப் பதிவுசெய்தார். கணினியால் பெருக்கிய உருவங்களுக்கு மனிதத் தொண்டையின் முரட்டுத்தன்மை உயிர் கொடுத்தது. நம் ஊரில் ஒரு குறும்படக் குழுகூட ஒரு கல்லூரி விளையாட்டு விழாவில் அனுமதி பெற்று இதைச் செய்ய முடியும். அரக்கனைக் காட்டப் பணம் இல்லாதவர்கள் மதிலின் உட்புறத்தில் கதையை நடத்தலாம்: கயிறு இழுப்பவர்கள், எண்ணெய் காய்ச்சுபவர்கள், கதவுக்குக் கணையமரம் முட்டுக்கொடுப்பவர்கள் ஆகியோருக்கு வெளியே நடப்பது ஒலியாக மட்டுமே வரும். செட்டில் மதிலின் ஒரு துண்டைக் கட்டினால் போதும்.

க்ளைமாக்ஸை எங்கே வைப்பது

‘தி கிரேட் வால்’ தன் இறுதிப் போரைத் தலைநகருக்குக் கொண்டுசெல்கிறது. வீரர்கள் பலூன்களில் பறந்து வந்து, வண்ணக் கண்ணாடி பதித்த ஒரு கோபுரத்தின்மேல் அரசியை எதிர்கொள்கிறார்கள். காட்சி கண்ணுக்கு விருந்துதான். ஆனால் பார்வையாளர் ஒரு மணிநேரமாகக் கற்ற மதில், பொறிகள், ஐந்து நிறப் பிரிவுகள், முரசொலி ஆகிய அனைத்தும் பின்னால் விடப்பட்டுவிடுகின்றன. காந்தம், அரசி என்னும் இரண்டு விதிகள் மட்டுமே எஞ்சுகின்றன. அதனால்தான் பெரிதாக எடுக்கப்பட்டிருந்தும் அப்பகுதி மதில்மேல் நடந்த முதல் தாக்குதலின் பதற்றத்தை எட்டவில்லை. கற்றுக்கொடுத்த நிலத்திலேயே இறுதிப் போரை வையுங்கள். இடம் மாற்றியே ஆக வேண்டும் என்றால், புதிய இடத்தை முதல் பாதியில் அமைதியான ஒரு வேளையில் பாத்திரங்களை நடக்கவிட்டுக் காட்டிவிடுங்கள்.

அரசி இறந்தவுடன் கூட்டம் முழுவதும் விழும் என்ற விதியையும் மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டும். ஒரே அடியில் அனைத்தும் முடியும் என்றால், அதுவரை இறந்தவர்களின் போராட்டம் வீண் என்ற எண்ணம் எழக்கூடும். அந்த ஒரு அடியை அடிக்கும் தூரத்திற்குச் செல்வதற்கே முன்னர் இறந்தவர் ஒவ்வொருவரின் வேலையும் தேவைப்பட்டது என்று காட்டினால் மட்டுமே அது நிற்கும்: ஒருவர் திறந்த வழி, ஒருவர் மிச்சம்வைத்த எண்ணெய், ஒருவர் கண்டுபிடித்த விதி.

வரைவு முடிந்ததும் வசனங்களை எல்லாம் நீக்கிய ஒரு படியை எடுத்துக்கொண்டு, வரைபடத்தை மேசைமேல் விரித்து, பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாணயத்தையும் அரக்கக் கூட்டத்திற்கு ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையையும் வையுங்கள். ஒருவர் காட்சி விவரங்களை மட்டும் உரக்கப் படிக்க, கதை அறியாத இன்னொருவர் அதைக் கேட்டுக் காய்களை நகர்த்த வேண்டும். எந்த வரியில் அவர் கை எதை நகர்த்துவது என்று தெரியாமல் நிற்கிறதோ, அந்த வரியை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ஓரிரு குறிகள் இருந்தால் வரிகளைத் திருத்தினால் போதும். ஒரே இடத்தைச் சுற்றிப் பல குறிகள் விழுந்தால் பிழை வரைபடத்தில் இருக்கிறது, அதைத் திருத்திய பிறகே ஸ்டோரிபோர்டு வரைபவரையும் சண்டைப் பயிற்சியாளரையும் அழைக்க வேண்டும்.